சில்வர் பெயிண்ட் அடித்த செல்ஃப்

மதுரையைச் சுற்றி எங்கெங்கே சரிவு இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள். மலையையும் கரட்டையும் சொல்லவில்லை, அதெல்லாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவனுக்கும் தெரியும். பார்க்கத் தட்டையாகக் கிடக்கிற ரோட்டில், ஒரு காலி லாரிக்குக் கட்டையை உருவிவிட்டால் தானாக உருளுமா உருளாதா என்று சொல்ல வேண்டும். அதற்கு இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. செல்லூரில் பாலம் ஏறுகிற இடம். சோழவந்தான் ரோட்டில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச தூரம். கால்வாய்க் கரையிலிருந்து வயலுக்கு இறங்குகிற தடம். மாட்டுத்தாவணியில் ஒரே ஒரு இடம், அதுவும் விடியும் முன்னால் போனால்தான் கிடைக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் ஊன்றி நின்றால் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் படிப்பு என் லாரியால் வந்தது. அதில் செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருப்பியதும் இன்ஜினை முதல் சுற்றுச் சுற்றிவிடுகிற மோட்டார் இருக்கிறதே, அதைத்தான் நாங்கள் செல்ஃப் என்போம். அது செத்துப்போனால் வண்டியைத் தள்ளியோ சரிவில் உருட்டியோ ஓடவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டு, இன்ஜினை உலுக்கி எழுப்ப வேண்டும். ஏழு வருசம் நான் அப்படித்தான் ஓட்டினேன்.

நான் மூணாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். மிச்சமெல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றது. எந்த மெக்கானிக் எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்புகிறான் என்று வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தே கியர் பாக்ஸை இறக்கி ஏற்றக் கற்றுக்கொண்டேன். கிளீனராக இருந்தேன், டிரைவரானேன், கடைசியில் சொந்த வண்டிக்காரனானேன். எங்கள் வகையறாவில் அதுவரைக்கும் மோட்டார் என்றால் கிணற்றில் கிடப்பதுதான். அந்த வகையறாவிலிருந்து வந்து ஒருத்தன் லாரி ஸ்டியரிங்கைச் சொந்தமாகப் பிடித்தான் என்றால் அது நான்தான். வாங்கும்போதே கிழட்டு வண்டி. ஆனால் நான் வைத்திருந்த மாதிரி எவனும் வண்டி வைத்திருக்க மாட்டான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நானே பெயிண்ட் அடிப்பேன். பாடிக்குப் பச்சை, பம்பருக்கு மஞ்சள், சேஸுக்குக் கறுப்பு, இன்ஜினில் கண்ணுக்குப் படுகிற சாமான் அத்தனைக்கும் சில்வர். பானெட்டைத் திறந்தால் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரிப் பளபளக்கும். "அண்ணே, ஒங்க இன்ஜின்ல எலையப் போட்டுச் சாப்பிடலாம்ணே" என்பான் முக்குக் கடை டீ மாஸ்டர். அந்தப் பேச்சுக்காகவே அங்கே இரண்டு டீ குடிப்பேன்.

செல்ஃப் ஒரேயடியாகச் சாகவில்லை. முதலில் இழுத்து இழுத்துச் சுற்றியது, அப்புறம் முனகியது, ஒரு நாள் சும்மா இருந்துவிட்டது. எங்கள் வீடு ஊருக்கு மேற்கே, வயலை ஒட்டிய தட்டையான இடம். தினமும் காலையில் தள்ளுவதற்கு எட்டுப் பேருக்கு எங்கே போவது? நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டு வாசலில் லாரிக்கென்று ஒரு மேடு கட்டினேன். கண்மாயில் வண்டல் அள்ளுகிறபோது நானும் நடை நடையாக அள்ளிவந்து கொட்டி, தண்ணீர் விட்டு, வண்டியையே மேலே ஏற்றி இறக்கி மிதித்து, பக்கவாட்டில் கல் அடுக்கினேன். சாயங்காலம் வந்ததும் பின்பக்கமாக மேலே ஏற்றி, முன் சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்திவிடுவேன். காலையில் கட்டையை உருவினால் வண்டி ரோட்டைப் பார்த்து உருளும். 

"என்ன மாப்ள, கோயில் கட்டப் போறியா?" என்று பக்கத்து வயல்காரர் கேட்டார்.

"ஆமா மாமா. தெனமும் காலையில சாமி பொறப்பாடு. பாக்க வந்துருங்க."

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. "இம்புட்டு மண்ணச் சொமந்ததுக்கு அந்தச் செல்ஃபக் கழட்டி ரிப்பேர் பாத்திருக்கலாம்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் கிளீனர் மினி பஸ்ஸுக்குக் கண்டக்டராகப் போய்விட்டான். அடுத்து வந்தவன் நாலு நாள் இருந்தான். சோழவந்தானில் வெற்றிலைக் கூடை ஏற்ற வேண்டிய நாள், ஆள் இல்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் வாரேன். கட்டைய உருவணும், அம்புட்டுத்தான?" என்றாள். ஒரு நாளைக்கு என்று ஏறினவள். இந்த ரோட்டில் லாரிக்குக் கிளீனராகப் போன பொம்பளை அவள் ஒருத்திதான் என்று அப்போது நான் டீக்கடையில் பெருமை பேசுவேன். உண்மையும்தான்.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடாத லாரியில் பிரேக் நம்பும்படியாக இருக்காது. என் வண்டியில் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். அதனால் முழு எடையும் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற அந்தக் கட்டை மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஆப்பு மாதிரி இழைத்த வாகைக் கட்டை, அதில் ஓட்டை போட்டு ஒரு கயிறு. நான் மேலே உட்கார்ந்து கியரைப் போட்டுக் கிளட்சை மிதிப்பேன். அவள் ஓரமாக நின்று கயிற்றைச் சுண்டி இழுப்பாள். கட்டை தெறித்து வெளியே வரும், வண்டி நகரும், அவள் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கதவில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அந்த இரண்டு தட்டுக் கேட்டால்தான் கிளட்சை விடுவேன். இன்ஜின் உறுமும். அப்புறம் நிறுத்தி அவளை ஏற்றிக்கொள்வேன். வெகு சீக்கிரம் கைவந்துவிட்டது அவளுக்கு. ஒரு சுண்டு, ஒரு ஓட்டம், இரண்டு தட்டு.

சரிவு கிடைத்த இடத்தில் இது. கிடைக்காத இடத்தில் ஆள் கேட்க வேண்டும். கேட்பது அவள்தான். நான் மேலே உட்கார்ந்திருப்பேன். ஸ்டியரிங்கை விட்டு இறங்கிப் போய் எவனிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

மாட்டுத்தாவணியில் ஒரு நாள் செண்டுப்பூ மூட்டையை இறக்கிவிட்டு நிற்கிறோம். என் சரிவில் எவனோ வேனை நிறுத்திவிட்டான். வண்டி தட்டையில் மாட்டிக்கொண்டது. அவள் மூட்டை தூக்குகிறவர்களிடம் போனாள். அவர்களில் ஒருத்தன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்.

"என்ன மதினி, ஸ்டார்ட்டிங் டிரபுளா? வண்டிக்கா, அண்ணனுக்கா?"

"ரெண்டும் ஒரே வருசத்து மாடலு" என்றாள் அவள். "ரெண்டையும் நான்தான் தள்ளிக்கிட்டுக் கெடக்கேன். வந்து கை குடுங்க."

மார்க்கெட்டே சிரித்தது. பத்துப் பேர் வந்து தள்ளினார்கள். நானும் சிரித்துக்கொண்டே கிளம்பினேன். தெப்பக்குளத்தைத் தாண்டினோம். அப்புறம் சொன்னாள்.

"இன்னைக்குச் சிரிச்சுக் கேட்டேன். தெனமும் சிரிக்க முடியாது. ஒருத்தருகிட்டப் போயி 'கை குடுங்க'ன்னு நிக்கிறப்ப எனக்கு ஒடம்பு கூசுது. நீங்க ஏறி உக்காந்துக்கிறீக. அந்தச் செல்ஃப மட்டும் சரிபண்ணிக் குடுத்திருங்க. வேற எதுவும் நான் ஒங்களக் கேக்கல."

உண்மையில் அவள் வேற எதுவும் கேட்டதில்லை. நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. மறுநாளே மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் செல்லூருக்குக் கொண்டுபோனேன்.

செல்லூரில் ஒரு சந்து. இரண்டு பக்கமும் பவர்லூம் சத்தம். நடுவில் காயில் கட்டுகிறவர் ஒருத்தர் இருந்தார். நெசவுக் குடும்பம், சௌராஷ்டிரக்காரர். வீட்டுக்குள்ளே திரும்பி மனைவியிடம் அவர்கள் பாஷையில் பேசுவார், அதே மூச்சில் என்னிடம் மதுரைத் தமிழில் பேசுவார். என்னைவிட வயசில் சின்னவர். செல்ஃபைப் பிரித்து, கருகிப்போன காயிலை அறுத்தெடுத்துப் புதுச் செம்புக் கம்பி சுற்றினார், கார்பன் பிரஷ் மாற்றினார், புஷ் மாற்றினார். முடித்துவிட்டு மோட்டாரைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து ஒரு வயரை மோட்டாரின் உடம்பில் கவ்வவிட்டு, இன்னொன்றைத் தலையில் வைத்தார். விர்ரென்று எழும்பியது பாருங்கள், சந்தில் போன ஆள் நின்று பார்த்தான்.

"காலை எடுத்தேன்னா ஒங்களயும் சேத்து மாட்டுத்தாவணி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிரும்ணே" என்றார்.

சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன். இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். புதுச் சாமானைப் பெயிண்ட் அடிக்காமல் வண்டியில் ஏற்றுவது, பச்சைப் பிள்ளையைப் பொட்டு வைக்காமல் தெருவுக்குத் தூக்கிப் போகிற மாதிரி எனக்கு. மோட்டாருக்குச் சில்வர் அடித்தேன். மேலே மட்டும் இல்லை, இன்ஜினோடு போய் உட்காருகிற வாயிலும் அடித்தேன், துரு ஏறக்கூடாது என்று. அதோடு விட்டேனா? வயல் தடத்தில் ஓடுகிற வண்டி, புழுதி உள்ளே போய்த்தான் முன்பு கெட்டது என்று நானாக முடிவு பண்ணி, பழைய டியூபை அளவாக வெட்டி அந்த வாய்க்கு ரப்பர் பேக்கிங் போட்டேன். போல்ட்டுக்கெல்லாம் ஃபைபர் வாசர். எந்த ஒர்க்ஷாப்பிலும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. என் மூளையில் உதித்தது. செய்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நான் கீழே படுத்து மாட்டினேன். மாட்டி வெளியே வருவதற்குள் அவள் கட்டையைக் கொண்டுபோய் விறகுக் குவியலில் போட்டிருந்தாள். 

"கீறி அடுப்புல வெச்சிரவா?"

"இருடி. மொதல்ல சத்தத்தக் கேளு."

சாவியைத் திருப்பினேன். டக்.

மறுபடி திருப்பினேன். டக். உள்ளே யாரோ ஒரு தடவை கதவைத் தட்டிவிட்டுப் போன மாதிரி. அம்புட்டுத்தான். பேட்டரியைத் துடைத்தேன், வயரை முறுக்கினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன். டக். அவள் போய் விறகிலிருந்து கட்டையை எடுத்துவந்து, ஒட்டியிருந்த சிலாம்பைத் தட்டிவிட்டுச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள்.

திரும்பச் செல்லூர். அவர் மோட்டாரை வாங்கி மிதித்துக்கொண்டு, மேலே இருந்த பெயிண்டை ஓரிடத்தில் சுரண்டிவிட்டு வயரைக் கவ்வவிட்டார். விர்ரென்றது. என்னைப் பார்த்தார்.

"அண்ணே, மோட்டார்ல குத்தமே இல்ல. வண்டியில பாடி எர்த்து சரியா இருக்கான்னு பாத்தீகளா?"

"அதெல்லாம் பாக்காம இருப்பனா" என்றேன்.

அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. பேட்டரியிலிருந்து ஒரு வயர் மோட்டாருக்குப் போவது தெரியும். இன்னொரு வயர் சேஸில் முறுக்கியிருப்பதும் தெரியும். அது பேட்டரி ஆடாமல் இருக்கக் கட்டினது என்றே இத்தனை வருசம் நினைத்திருந்தேன். என் படிப்பெல்லாம் கண் படிப்பு. பல் தேய்ந்தால் தெரியும், எண்ணெய் கசிந்தால் தெரியும், போல்ட் முறிந்தால் தெரியும். கரண்ட்டு எங்கே போகிறது, எப்படித் திரும்புகிறது என்பது கண்ணில் தெரியாது. அப்படியென்றால் என்ன தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். நல்ல மனுசன். நான் தலையை ஆட்டினேன்.

"ஞாயித்துக்கெழம நான் வேணா வாரேண்ணே. ஒரு பல்பும் ரெண்டு வயரும் கொண்டாந்தாப் போதும், பாத்துருவோம்."

"வேணாம் வேணாம். நீங்க ஒங்க வேலையப் பாருங்க. வண்டிக்குக் கீழ படுத்தே வயசானவன் நான்."

வீட்டுக்கு வந்து, சுரண்டின இடத்துக்கு இன்னொரு கோட்டிங் சில்வர் அடித்து மாட்டினேன். டக்.

மூன்றாம் தடவை வேறொரு லாரியில் கழற்றின செல்ஃபையே வாங்கிவந்தேன். அதற்கும் சில்வர், அதற்கும் பேக்கிங். டக். அதோடு எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இன்ஜின் உள்ளுக்குள்ளே இறுகிவிட்டது, எந்த மோட்டாராலும் இதைச் சுற்ற முடியாது, எடை வந்து உருட்டினால்தான் சுற்றும். இதை டீக்கடையில் சொன்னேன், மார்க்கெட்டில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வண்டி விசயத்தில் நான் சொன்னால் நம்புவார்கள்.

அவள் மட்டும் ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அந்தச் செல்லூர்க்காரரு வந்து பாக்குறேன்னு சொன்னாருன்னீகள்ல? வரச் சொல்லுங்களேன். வந்தா என்ன, நம்ம வீட்ல ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டுப் போறாரு" என்றாள்.

"அவருக்கு என்ன தெரியும்? நூலுச் சுத்துற பரம்பர, கம்பியச் சுத்துறாரு. நான் இன்ஜினச் சொல்றேன், நீ மோட்டாரச் சொல்ற."

அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

சோழவந்தானுக்கு முன்னால், கால்வாய்க் கரை மேல் ஒரு நாள் வண்டி நின்றது. வெற்றிலைக் கூடை ஏற்றி முடித்தாயிற்று. ஈரச் சாக்குப் போட்டு மூடின வெற்றிலை, வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். நான் கியரைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கயிற்றைச் சுண்டினாள். கயிறு அறுந்துவிட்டது. நைந்துபோய் ஒரு மாசமாக அவள் சொல்லிக்கொண்டிருந்த கயிறு. கட்டை பாதி நகர்ந்து சாய்ந்து மாட்டிக்கொண்டது. நான் மேலேயிருந்து, "என்னடி பண்ற, வெயிலு ஏறுது" என்று கத்தினேன். அவள் குனிந்து கட்டையைக் கையால் பிடித்து இழுத்தாள்.

வண்டி நகர்ந்தது. நான் தட்டுக்காகக் காத்திருந்தேன். தட்டுக் கேட்கவில்லை. சரிவு முடியப்போகிறதே என்று கிளட்சை விட்டேன். ஒரே உருட்டில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அம்புட்டு லேசாக அது என்றைக்கும் பிடித்ததில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள், வலது கையை மடியில் வைத்து.

கூடை ஏற்றினவர்கள் அவள் கையில் துண்டைச் சுற்றித் தூக்கி ஏற்றினார்கள். மதுரை வரைக்கும் அவள் அழவில்லை. "நிறுத்திறாதீக, எங்கயும் நிறுத்திறாதீக. நின்னா தள்ள ஆளு வேணும்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலிலும் இன்ஜினை அணைக்காமல்தான் அவளை இறக்கினேன். சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டது.

அப்புறம் இரண்டு மூன்று பேரைக் கிளீனராக வைத்துப் பார்த்தேன். எவனும் நிலைக்கவில்லை. கொஞ்ச மாசம் கழித்து ஒரு காலையில் அவளே வந்து, "நகருங்க" என்று சொல்லிக் கட்டைப் பக்கம் போய் நின்றாள். கட்டைக்குக் கயிறு இல்லை இப்போது, நல்ல இரும்புச் சங்கிலி மாட்டியிருந்தேன். இடது கையால் இழுத்தாள். இரண்டு தட்டும் இடது கையால்தான்.

செல்ஃபை நான் திரும்பத் தொடவில்லை. அந்தக் கை போன பிறகாவது செல்லூருக்குப் போய் அவரைக் கூட்டிவந்திருக்க வேண்டும். கூட்டிவந்து, அவர் வந்து, அது சுற்றிவிட்டால்? அப்போது அந்த விரலுக்கு யார் பதில் சொல்வது? இன்ஜின் இறுகிவிட்டது என்பதிலேயே நின்றுகொண்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிசமாகிவிட்டது.

அவளுக்கு முடி நீளம். பின்னிப் போட வலது கை வரவில்லை. காலையில் கிளம்புவதற்கு முன்னால் மேட்டடியில் அவளை உட்கார வைத்து நான்தான் பின்னிவிடுவேன். "சடையா பின்றீக, வடமா திரிக்கிறீக? தலையோட வந்துறப் போகுது" என்பாள். மூன்று பிரியில் எது எதற்கு மேல் போகிறது என்று கொஞ்ச நாளில் கண் பிடித்துக்கொண்டது. எதையும் பார்த்துக் கற்றுக்கொள்கிறவன் அல்லவா. சீராகவே பின்னினேன். அவளும் சீராகத்தான் இருக்கிறது என்பாள். நாள் முழுக்க எங்களுக்குள் நல்லபடியாகப் போகிற நேரம் அது ஒன்றுதான்.

வண்டிக்கு எஃப்.சி. கிடைக்காமல் போனது. இனிமேல் ரோட்டில் ஓடக்கூடாது என்று ஆகிவிட்டது. உடைக்கத்தான் கொடுக்க வேண்டும். கடைசியாக மேட்டிலிருந்து உருட்டி, நானும் அவளும் ஏறி, பழைய இரும்பு எடுக்கிற பாய் ஒருத்தர் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். தட்டையான இடம். நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். பழக்கத்தில் அவள் இறங்கிக் கட்டை போட்டாள்.

பாய் வண்டியைச் சுற்றி வந்தார். "இன்ஜின் நல்லா ஓடுமா? ஓடுனா ஒடைக்காம முழுசாவே குடுத்துரலாம். ஒரு தடவ ஓட்டிக் காமிங்கண்ணே, சத்தத்தக் கேக்கணும்."

"செல்ஃப் எடுக்காது பாய். இன்ஜின் இறுகிப்போச்சு. சரிவுல விட்டாத்தான் ஓடும்."

"இங்க சரிவுக்கு எங்க போறது" என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்து உள்ளே பார்த்தார். செல்ஃபை நகத்தால் சுரண்டினார். சிரித்தார்.

"யா அல்லா, இதுக்கு எவன் வெள்ளையடிச்சது?"

அவர் கொட்டகைக்குள் போய்த் தடிமனான வயர் ஒன்றை எடுத்துவந்தார். ஒரு முனையைப் பேட்டரியில் கவ்வவிட்டார். ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃபின் உடம்பில் நாலு இழுப்பு இழுத்தார், சில்வர் உரிந்து உள்ளே இரும்பு தெரிந்தது. இன்னொரு முனையை அங்கே கவ்வவிட்டார். அவள் சாமி படத்தையும் தண்ணீர்க் கேனையும் எடுப்பதற்காக மேலே ஏறியிருந்தாள்.

"அக்கா, அந்தச் சாவியக் கொஞ்சம் திருப்புங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த வண்டியின் சாவியை அவள் அதுவரை தொட்டதில்லை. படத்தை மடியில் வைத்துவிட்டு, இடது கையைக் குறுக்கே நீட்டித் திருப்பினாள்.

இன்ஜின் சுற்றியது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, பிடித்துக்கொண்டது. கேபின் ஆட, அவள் மடியில் படம் ஆட, நல்ல சீரான சத்தம். இறுகின இன்ஜின் சத்தம் அது இல்லை.

"கரண்ட்டு உள்ள போனாத் திரும்பி வர வழி வேணும்லண்ணே" என்றார் பாய், சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டு. "வண்டியோட இரும்புதான் அதுக்கு வழி. இங்க பாருங்க, பெயிண்ட்டு, அதுக்குள்ள ரப்பரு, போல்ட்டுக்கு ஃபைபரு. அம்புட்டையும் அடைச்சு வெச்சிருக்கான். பாவம், இந்தச் செல்ஃப் என்ன பண்ணும்?"

அவள் இறங்கி வந்தாள். என்னிடம் வரவில்லை, அவரிடம் போனாள்.

"இதச் சரிபண்ண எம்புட்டு நேரம் ஆகும்ணே?"

"உப்புத்தாளு இருந்தா அஞ்சு நிமிசம்க்கா."

அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "செல்லூர்க்காரரு சொன்னது இதத்தானா?"

"ஆமா" என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் சாமி படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நடந்தாள். கட்டையை அங்கேயே விட்டுவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். காற்றில் சடை அவிழ்ந்தது. காலையில் நான் பின்னினது, கிளம்புகிற அவசரத்தில் நுனியைச் சரியாக முடிச்சுப் போடவில்லை. பக்கத்தில் இருந்த நான் கையை நீட்டினேன். அவள் தலையை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"வேணாம்."

வீடு வரைக்கும் விரித்த தலையோடுதான் வந்தாள்.

அதெல்லாம் ஆகி வருசமாகிவிட்டது. லாரிக்காக நான் கட்டின மேடு இன்னும் வாசலில் கிடக்கிறது. வண்டல் இறுகிக் கல்லாகிவிட்டது, கடப்பாரை இறங்கவில்லை. ஒருத்தரிடமும் போய்க் கை கேட்கக் கூசுகிறவள், தினமும் காலையில் சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு அந்த மேட்டின் மேல் ஏறி இறங்கி எதிர்வீட்டுக்குப் போகிறாள். "செத்த கை குடு தாயி" என்று கேட்பது என் காதில் விழும். நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன்.